சிமுலேஷன் கேஷ்: எழுதுவது, காப்பது, அழிப்பது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகை, தீ, நீர், துணி, உடைந்து சிதறும் பொருள்கள் ஆகியவற்றைக் கணினியில் சிமுலேட் செய்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஹூடினி, பிளெண்டர் ஆகிய மென்பொருள்களிலிருந்து வருகின்றன. அடிப்படைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கேஷ் என்பதைப் பதுக்கு நினைவகம் என்று சில கலைச்சொல் பட்டியல்கள் குறிக்கின்றன. இந்தத் தொழிலில் அந்தச் சொல் சிமுலேஷனின் விளைவாக டிஸ்கில் எழுதி வைக்கப்படும் கோப்புகளையே பெரும்பாலும் சுட்டுவதால், கேஷ் என்ற புழக்கச் சொல்லையே இங்கு வைத்துக்கொள்கிறேன்.

காட்சிக் கோப்பைச் சேமித்துவிட்டேன். கேஷையும் தனியாக ஏன் எழுத வேண்டும்?

காட்சிக் கோப்பில் செய்முறை மட்டுமே இருக்கிறது; விளைவு அதில் இல்லை. புகை எங்கிருந்து எழ வேண்டும், காற்று எத்திசையில் எவ்வளவு வீச வேண்டும் என்ற அமைப்புகளை அது அறியும். ஆனால் 100ஆவது ஃபிரேமில் அந்தப் புகை எந்த வடிவில் நிற்கிறது என்று சொல்ல, மென்பொருள் முதல் ஃபிரேமில் தொடங்கி இடையிலுள்ள அத்தனை ஃபிரேம்களையும் வரிசையாகக் கணக்கிட்டு வர வேண்டும். கீஃபிரேம் அனிமேஷனில் எந்த ஃபிரேமுக்கும் நேராகத் தாவலாம். சிமுலேஷனில் ஒவ்வொரு ஃபிரேமும் முந்தைய ஃபிரேம் முடிந்த நிலையிலிருந்தே பிறக்கிறது.

இந்தச் சார்பை அறுப்பது கேஷின் முதல் வேலை. ஒவ்வொரு ஃபிரேமின் விளைவும் டிஸ்கில் இருந்தால், ரெண்டர் ஃபார்மில் (இறுதிப் படங்களைக் கணக்கிடும் கணினித் தொகுப்பு) உள்ள எந்தக் கணினியும் எந்த ஃபிரேமையும் தனியாக எடுத்து ரெண்டர் செய்யலாம். கேஷ் எழுதாமல் அனுப்பினால், 200ஆவது ஃபிரேமைப் பெற்ற கணினி முதல் 199 ஃபிரேம்களையும் புதிதாகச் சிமுலேட் செய்யத் தொடங்கும். 201ஆவது ஃபிரேமைப் பெற்ற கணினியும் அதே வேலையை மறுபடி செய்துகொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியமானது என்பது என் கருத்து. மேற்பார்வையாளர் பார்த்து ஒப்புதல் தந்தது, அமைப்புகள் ஒருமுறை தந்த அந்தக் குறிப்பிட்ட புகைக்குத்தான். அந்தப் புகையின் ஒரே பதிவு கேஷ். அதே அமைப்புகளை நாளை ஓட்டினால் அதே புகை வரும் என்ற உறுதி ஏன் இல்லை என்பதைக் கீழே ஒரு கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஒருமுறை ஓட்டிய பிறகு டைம்லைனில் முன்னும் பின்னும் வேகமாக நகர்த்த முடிகிறதே, அதுவும் கேஷ்தானே?

ஆம், ஆனால் அது ரேமில் இருக்கும் கேஷ். ஹூடினியில் சிமுலேஷனைக் கணக்கிடும் டாப் (DOP) நெட்வொர்க் ஒவ்வொன்றுக்கும் இதற்கான நினைவக வரம்பு உண்டு; வரம்பு நிறைந்ததும் பழைய ஃபிரேம்கள் வெளியேற்றப்படும். ஏதேனும் ஓர் அமைப்பை மாற்றினாலோ, மென்பொருளை மூடினாலோ அது போய்விடும். சோதித்துப் பார்க்கும் கட்டத்தில் இது மிகவும் பயனுள்ளது; ஆனால் பிறருக்கு ஒப்படைக்கவோ ரெண்டருக்கு அனுப்பவோ இதை நம்ப முடியாது.

எந்தக் கோப்பு வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது?

தரவின் தன்மையும், அதை அடுத்து யார் திறக்கப் போகிறார்கள் என்பதும்தான் இதைத் தீர்மானிக்கின்றன.

புகை, தீ, மேகம் போன்ற கனஅளவுத் தரவுகளுக்கு ஓப்பன்விடிபி கிட்டத்தட்ட பொதுமொழியாகிவிட்டது. டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனில் கென் மியூசெத் உள்ளிட்டோர் உருவாக்கிய இது 2012இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. புகை இல்லாத வெற்றிடத்துக்கு இடம் ஒதுக்காமல், 8×8×8 வோக்செல்கள் (முப்பரிமாணப் பிக்சல்கள்) கொண்ட சிறு கட்டங்களை ஒரு மர அமைப்பில் தேவையான இடத்தில் மட்டும் தொங்கவிடுவது இதன் சிறப்பு. ஹூடினி, பிளெண்டர் ஆகியவற்றோடு முக்கியமான ரெண்டரர்கள் பலவும் இதைப் படிக்கின்றன.

துணி, கதாபாத்திரங்கள், நீரின் மேற்பரப்பு போன்ற மெஷ் (புள்ளிகளை இணைக்கும் சிறு முகங்களாலான பரப்பு) தரவை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்ல அலெம்பிக் பொருத்தமானது. சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸும் இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக்கும் சேர்ந்து உருவாக்கிய இந்த வடிவத்தின் முதல் பதிப்பு 2011இல் வந்தது. முகங்களின் இணைப்பு ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறாத மெஷ்ஷாக இருந்தால், அந்த இணைப்பை ஒருமுறை மட்டும் எழுதிவிட்டு, புள்ளிகளின் இருப்பிடத்தை மட்டும் ஃபிரேம்தோறும் எழுதும். அதனால் துணிக்கு மிகச் சிக்கனமானது. ஒரே கோப்பில் எல்லா ஃபிரேம்களையும் எழுதும்போது ஓர் ஆபத்தும் உண்டு: எழுதுவது பாதியில் நின்றால் முழுக் கோப்பும் பயனற்றுப் போகக்கூடும்.

ஹூடினிக்குள்ளேயே இருக்கும் இடைக்கட்ட வேலைகளுக்கு அதன் சொந்த வடிவமான பிஜியோவே சிறந்தது. அதிலும் பிளாஸ்க் முறையில் சுருக்கப்பட்ட வகையைப் பயன்படுத்தலாம். பண்புகள், குழுக்கள், பேக் (pack) செய்யப்பட்ட துண்டுகள் ஆகிய அனைத்தையும் இழப்பின்றிக் காப்பது இது ஒன்றுதான். பிக்ஸார் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட யுஎஸ்டியை, இந்தக் கேஷ்களையெல்லாம் ஒரே காட்சியாகக் கோக்கும் நூலாகக் கருதுங்கள். கனமான விடிபி கோப்புகளை அது தனக்குள் விழுங்காமல், அவை இருக்கும் இடத்தைச் சுட்டி நிற்கும்.

ஒரு ஷாட்டுக்கு எவ்வளவு இடம் தேவைப்படும்?

முன்கூட்டியே ஒரு தாளில் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு நிமிட வேலைதான். நீள, அகல, உயரத்தில் 400, 400, 600 வோக்செல்கள் கொண்ட ஒரு புகைப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 9.6 கோடி வோக்செல்கள். 32 பிட் எண் ஒன்று 4 பைட் என்பதால், அடர்த்திக்கு மட்டும் 384 மெகாபைட் ஆகிறது. வெப்பநிலைக்கு இன்னொரு 384. திசைவேகத்துக்கு மூன்று அச்சுகள் என்பதால் 1,152. ஆக ஒரு ஃபிரேமுக்கு 1.92 ஜிகாபைட். நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் பத்து நொடி ஷாட்டில் 240 ஃபிரேம்கள். மொத்தம் சுமார் 460 ஜிகாபைட். இது ஒரு பதிப்புக்கு மட்டும்.

வோக்செலின் அளவைப் பாதியாகக் குறைத்தால் இந்தத் தொகை எட்டு மடங்காகும். ‘கொஞ்சம் நுணுக்கம் கூட்டுவோம்’ என்று மேலிடத்திலிருந்து வரும் வேண்டுகோளுக்குத் தலையசைக்கும் முன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

துகள்களுக்கும் இதே வழிதான். இருப்பிடம் 12 பைட், திசைவேகம் 12, அடையாள எண் 4, வயது 4 என ஒரு துகளுக்கு 32 பைட். ஒரு கோடித் துகள்கள் என்றால் ஃபிரேமுக்கு 320 மெகாபைட், 240 ஃபிரேமுக்கு சுமார் 77 ஜிகாபைட்.

தரம் குறையாமல் அந்த அளவைக் குறைக்க முடியுமா?

பெரிதும் குறைக்கலாம். மேலே கண்ட 460 ஜிகாபைட்டையே எடுத்துக்கொள்வோம்.

முதலில், ரெண்டருக்குத் தேவையில்லாதவற்றை எழுதாதீர்கள். வெறும் புகைக்கு ரெண்டரில் வெப்பநிலை தேவைப்படுவதில்லை. அதை விட்டால் தொகை சுமார் 369 ஆகிறது. அடுத்து, வெற்றிடத்தை நீக்குங்கள். பெட்டியின் ஐந்தில் ஒரு பங்கில்தான் புகை இருக்கிறது என்றால், விடிபியாக எழுதும்போது சுமார் 74 ஜிகாபைட் போதும். ஆனால் சிமுலேஷனைக் கணக்கிடும் நிரலான சால்வர் சில நேரங்களில் கண்ணுக்கே தெரியாத மிக மெல்லிய அடர்த்தியைப் பெட்டி முழுவதும் தூவி வைத்திருக்கும்; ஒரு சிறு வரம்புக்குக் கீழுள்ள மதிப்புகளைச் சுழியாக்கி, அந்த வோக்செல்களைச் செயலிழக்கச் செய்த பின்னரே எழுத வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டு, விடிபி இடத்தைக் குறைக்கவே இல்லை என்று குறைப்படுபவர்கள் பலர். மூன்றாவதாக 16 பிட் எண்களாக எழுதினால் அது மேலும் பாதியாகி, 37க்கு வந்துவிடும். இவற்றுக்குப் பிறகு வருவதே சுருக்கமுறை; பிளாஸ்க் வேகமானது, ஜிப் பொதுவாக இன்னும் சிறிதாக்கும் ஆனால் மெதுவானது. இரண்டிலும் தரவு இழப்பு இல்லை.

உடைந்து சிதறும் பொருள்களில் மிச்சம் இன்னும் வியப்பானது. 5,000 துண்டுகள், துண்டுக்கு 400 புள்ளிகள் என்றால் மொத்தம் 20 லட்சம் புள்ளிகள். இருப்பிடத்தை மட்டும் எழுதினாலே ஃபிரேமுக்கு 24 மெகாபைட். ஆனால் திடப்பொருள் துண்டின் வடிவம் மாறுவதே இல்லை. அது நகர்கிறது, சுழல்கிறது, அவ்வளவுதான். ஆகவே வடிவத்தை ஒரே ஒருமுறை எழுதிவிட்டு, ஃபிரேம்தோறும் ஒவ்வொரு துண்டின் இருப்பிடம், சுழற்சி, திசைவேகம், கோணத் திசைவேகம் ஆகியவற்றை மட்டும் எழுதினால் துண்டுக்கு 52 பைட், ஃபிரேமுக்கு 260 கிலோபைட். முழு ஷாட்டும் சுமார் 62 மெகாபைட்டில் அடங்கிவிடும். துண்டுகளின் பெயர்ப் பண்பு மட்டும் எல்லா ஃபிரேம்களிலும் மாறாமல் இருக்க வேண்டும். இல்லையெனில் எந்த அசைவு எந்தத் துண்டுக்குரியது என்று பொருத்த இயலாது.

16 பிட் எண்களை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாமா?

கூடாது. அடர்த்தி, நிறம், பெரும்பாலான திசைவேகங்கள் ஆகியவற்றுக்குத் தயங்காமல் பயன்படுத்தலாம். கண்ணால் வேறுபாடு காண்பது மிக அரிது. ஆனால் துகள்களின் இருப்பிடத்துக்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். 16 பிட் எண்ணில் 512க்கும் 1,024க்கும் இடையில் அடுத்தடுத்த மதிப்புகளின் இடைவெளி 0.5. ஓர் அலகு ஒரு மீட்டர் எனில், மையப்புள்ளியிலிருந்து 600 மீட்டர் தள்ளியிருக்கும் துகள் அரை மீட்டர் படிகளாகத்தான் நகர முடியும். திரையில் அது நடுங்கித் துள்ளும். அடையாள எண்களுக்கும் இது ஆகாது: 2,048க்கு மேல் எல்லா முழு எண்களையும் 16 பிட் மிதவை எண்ணால் வேறுபடுத்திக் காட்ட முடியாது. சிமுலேஷனை மீண்டும் தொடர்வதற்கான கோப்புகளையும் முழுத் துல்லியத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு ஷாட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கேஷ் எழுத வேண்டும்?

குறைந்தது மூன்று கட்டங்களைச் சொல்வேன். முதலாவது, சிமுலேஷனுக்குள் நுழையும் தரவு: புகை எழும் மூலம், மோதும் பொருள்கள். கதாபாத்திரத்தின் அனிமேஷனை நேரடியாக இணைத்து வைத்திருந்தால், சால்வர் ஒவ்வொரு சப்ஸ்டெப்பிலும் (ஒரு ஃபிரேமைப் பிரித்த சிறு படி) அந்த முழு ரிக்கையும் (கதாபாத்திரத்தை அசைக்கும் அமைப்பு) மறுபடி கணக்கிட நேரலாம்; அதைவிட மோசமாக, அனிமேஷன் துறை புதிய பதிப்பை வெளியிடும்போது உங்களுக்குத் தெரியாமலே உங்கள் சிமுலேஷன் மாறிவிடலாம். இரண்டாவது, சால்வரிலிருந்து வெளிவரும் கச்சா விளைவு. மூன்றாவது, அதன் மேல் செய்த பின்வேலைகள் முடிந்த நிலை: துகள்களிலிருந்து உருவான நீர்ப்பரப்பு, துப்புரவு செய்த விடிபி போன்றவை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரித்து வைப்பதன் அருமை, திருத்தங்கள் வரும்போது புரியும். நீரின் ஓரம் சற்று மழுங்கலாக இருக்கிறது என்று கருத்து வந்தால், பத்து மணி நேரச் சிமுலேஷனைத் தொடாமல் மெஷ் ஆக்கும் படியை மட்டும் மீண்டும் ஓட்டினால் போதும். கேமராவுக்கு வெளியே உள்ளவற்றை நீக்குவதையும் மூன்றாவது கட்டத்திலேயே செய்யுங்கள். கேமரா மாறும் நாளில் கச்சா விளைவு முழுமையாகக் கையில் இருக்க வேண்டும். நிழலும் பிரதிபலிப்பும் கேமராவுக்கு வெளியே உள்ள பொருளிலிருந்தும் வரும் என்பதையும் கருத்தில் கொள்ளுங்கள்.

மின்சாரம் நின்றுவிட்டது. பாதி எழுதிய சிமுலேஷனை விட்ட இடத்திலிருந்து தொடரலாமா?

ரெண்டருக்காக எழுதிய கேஷைக் கொண்டு பொதுவாக முடியாது. அதில் அடர்த்தியும் திசைவேகமும் இருக்கலாம். ஆனால் சால்வர் தன் அடுத்த படியை எடுத்துவைக்க வெப்பநிலை, எரிபொருள், மோதல் தரவு, உள்கணக்குகள் என்று இன்னும் பலவும் தேவை. அந்த முழு நிலையையும் எழுதும் கோப்பு வேறு. ஹூடினியில் டாப் நெட்வொர்க் எழுதும் சிம் கோப்பு இதற்கானது. சேமித்த ஒரு சிம் கோப்பைத் தொடக்க நிலையாகக் கொடுத்து அங்கிருந்து ஓட்டலாம். பிளெண்டரின் திரவ, வாயு டொமைனில் (சிமுலேஷன் நடக்கும் பெட்டி) ‘தொடரக்கூடியது’ என்ற பொருள்தரும் தேர்வை, பேக் (bake: கணக்கிட்டுக் கேஷாக எழுதுதல்) செய்யும் முன்பே இயக்கியிருந்தால் கூடுதல் தரவு எழுதப்படும். பின்னர் இயக்கிப் பயனில்லை.

இக்கோப்புகள் மிகப் பெரியவை. ஆகவே எல்லா ஃபிரேம்களுக்கும் எழுதாமல் 20 அல்லது 25 ஃபிரேமுக்கு ஒன்று என எழுதி, அண்மைய இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு பழையவற்றை அழித்துவருவது நல்ல நடைமுறை. அண்மைய ஒன்றை மட்டும் வைத்தால் போதாது. அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கணினி நின்றுபோயிருக்கலாம்.

கோப்புகளுக்கு எப்படிப் பெயரிடுவது?

ஷாட், பொருள், பதிப்பு எண், நான்கு இலக்க ஃபிரேம் எண் ஆகிய நான்கும் பெயரில் இருக்க வேண்டும். ஃபிரேம் எண்ணுக்குரிய மாறியை மறந்துவிட்டால், 240 ஃபிரேம்களும் ஒரே கோப்பின் மேல் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசி ஃபிரேம் மட்டுமே மிஞ்சும். எழுதி முடித்த பதிப்பின் மேல் மீண்டும் எழுதாதீர்கள். எவ்வளவு சிறிய மாற்றமானாலும் பதிப்பு எண்ணைக் கூட்டுங்கள். லைட்டிங் கலைஞர் அதே நேரத்தில் அந்தக் கோப்புகளைப் படித்துக்கொண்டிருந்தால், பாதி ஃபிரேம்கள் பழைய புகையும் பாதி புதிய புகையுமாக ரெண்டர் ஆகிவரும். அந்தக் கேஷை உருவாக்கிய காட்சிக் கோப்பின் நகல் ஒன்றையும் அதே பதிப்பு எண்ணோடு அருகிலேயே வையுங்கள்.

மோஷன் பிளர் (அசைவு மங்கல்) சரியாக வரவில்லை. கேஷில் குறையா?

பெரும்பாலும் திசைவேகம் எழுதப்படாததே காரணம். புள்ளிகளின் எண்ணிக்கை மாறாத துணிக்கு, அடுத்த ஃபிரேமோடு ஒப்பிட்டு அசைவைக் கண்டறியலாம். நீர்ப்பரப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் புதிய மெஷ். எந்தப் புள்ளி எங்கே போனது என்ற தொடர்பே கிடையாது. அங்கே ஒவ்வொரு புள்ளியிலும் திசைவேகம் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே மங்கல் கிடைக்கும். காட்சியை மெதுவாக்கும்போதும் இதே தரவுதான் கைகொடுக்கும். பாதி வேகத்துக்குக் குறைத்தால் திசைவேகத்தையும் பாதியாக்க மறக்காதீர்கள்.

ரெண்டர் ஃபார்மில் சில ஃபிரேம்கள் மட்டும் காலியாக வருகின்றனவே?

மூன்றைச் சரிபாருங்கள். கோப்புப் பாதை உங்கள் சொந்தக் கணினியின் டிஸ்கைச் சுட்டினால் பிற கணினிகளுக்கு அது தெரியாது. டிஸ்க் நிறைந்திருந்தால் சுழி பைட் கோப்புகள் உருவாகியிருக்கும். கோப்பு இருக்கிறதா என்று மட்டும் பாராமல், அளவையும் பாருங்கள். ஒழுங்காக வளர்ந்துவரும் அளவுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் சட்டென்று சிறுத்திருந்தால் அது பாதி எழுதப்பட்ட கோப்பு. மூன்றாவதாக, எழுதி முடியும் முன்பே வேறொரு கணினி படித்திருக்கலாம். தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பின் உரிய பெயருக்கு மாற்றும் முறை இதைத் தடுக்கிறது.

அமைப்பு எதையும் மாற்றவில்லை. மீண்டும் ஓட்டியபோது வேறு புகை வருகிறது. ஏன்?

மிதவைப் புள்ளி எண்களைக் கூட்டும்போது, எந்த வரிசையில் கூட்டுகிறோம் என்பதைப் பொறுத்து விடை கடைசி இலக்கங்களில் மாறும். பல கோர்களில் பகிர்ந்து கணக்கிடும்போது அந்த வரிசை ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு எல்லாச் சால்வர்களும் உறுதி தருவதில்லை. செயலி மாறினாலோ, ஜிபியு மாறினாலோ, மென்பொருளின் பதிப்பு மாறினாலோ இந்தச் சிறு வேறுபாடு தோன்றலாம். கொந்தளிக்கும் புகையில் ஃபிரேமுக்கு ஃபிரேம் அது பெருகி, நூறு ஃபிரேம்களுக்குப் பின் சுருள்களின் வடிவமே மாறிவிடும்.

இதை நான் கற்றது ஓர் இழப்பின் வழியாக. ஒப்புதல் பெற்ற புகை ஒன்றின் கேஷை, இடம் போதவில்லை என்பதற்காக, காட்சிக் கோப்புதான் இருக்கிறதே என்ற துணிவில் அழித்தேன். பிறகு ரெண்டரில் ஒரு திருத்தம் வந்தது. அதற்குள் மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. ஐந்து முறை ஓட்டியும் முகத்தின் இடப்பக்கமாக மெல்லச் சுருண்ட அந்தப் புகை திரும்ப வரவில்லை. இறுதியில் வேறொரு புகைக்கு முதலிலிருந்து ஒப்புதல் பெற வேண்டியிருந்தது.

பிளெண்டரில் பேக் செய்ததெல்லாம் மறைந்துவிட்டது. எங்கே போயிருக்கும்?

பேக் செய்யும் முன் காட்சிக் கோப்பைச் சேமித்தீர்களா என்று முதலில் பாருங்கள். சேமிக்காத கோப்பின் கேஷ் தற்காலிகக் கோப்புறைக்குப் போகக்கூடும். துணி, துகள்கள் ஆகியவற்றுக்கு டிஸ்க் கேஷ் என்ற தேர்வை இயக்கினால், காட்சிக் கோப்பின் பெயரைத் தாங்கிய கோப்புறை ஒன்று அதன் அருகில் உருவாகும். கோப்பை இடம் மாற்றும்போது அதையும் உடன் எடுத்துச்செல்ல வேண்டும். 2.82 பதிப்பிலிருந்து வரும் மாண்டாஃப்ளோ என்ற திரவ, வாயு சால்வரின் டொமைனில் கேஷின் வகையையும் கவனியுங்கள்: ‘ரீப்ளே’ சோதனைக்கு உகந்தது, ‘மாடுலர்’ அடிப்படை, நாய்ஸ் (நுண்விவரம்), மெஷ் ஆகியவற்றைத் தனித்தனியாக பேக் செய்ய உதவுவது, ‘ஆல்’ அனைத்தையும் ஒரே மூச்சில் முடிப்பது. ஷாட் வேலைக்கு நான் மாடுலரையே பரிந்துரைப்பேன்.

டிஸ்க் நிறைந்துவிட்டது. எதை முதலில் அழிக்கலாம்?

ஷாட் ஒப்புதல் பெற்றுவிட்டால் தொடர்வதற்கான சிம் கோப்புகள் முதலில் போகலாம். அடுத்து, நிராகரிக்கப்பட்ட பதிப்புகளின் கேஷ்கள். ஆனால் அவற்றின் காட்சிக் கோப்புகளையும் சிறிய முன்னோட்டக் காணொளிகளையும் விட்டுவையுங்கள், ‘மூன்றாவது பதிப்பில் இருந்ததே நன்று’ என்ற கருத்து எப்போது வேண்டுமானாலும் வரும். அதன்பின், கச்சா விளைவிலிருந்து சில நிமிடங்களில் மீண்டும் உருவாக்கக்கூடிய மெஷ்களும் துப்புரவு செய்த விடிபிகளும், அவற்றை எந்த ரெண்டரும் தற்போது படிக்கவில்லை என்று உறுதிசெய்த பிறகு. ஒப்புதல் பெற்ற கச்சா விளைவையும், அதற்குள் நுழைந்த மூலத் தரவையும், படம் ஒப்படைக்கப்பட்டு ஸ்டீரியோ, மறுவடிவ வேலைகள் எல்லாம் முடியும் வரை தொடாதீர்கள். இடம் அப்போதும் போதவில்லை என்றால் அவற்றை மெதுவான, மலிவான சேமிப்புக்கு நகர்த்துங்கள். நகர்த்திய பின் ஃபிரேம் எண்ணிக்கையையும் கோப்பு அளவுகளையும் ஒப்பிட்டு, நடுவிலிருந்து இரண்டு மூன்று ஃபிரேம்களைத் திறந்து பார்த்த பின்னரே பழைய இடத்தில் அழிக்க வேண்டும்.